மாசித் தராசு

திண்டுக்கல் கடைவீதியில் மொத்தமாக வெல்லம் விற்கிற மனிதர், வெல்லம் போடாத காப்பியைக் குடித்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும்? அறுபதுகளின் தொடக்கத்தில் காத்தமுத்துவின் கடைக்குப் புதிதாக வந்த வியாபாரிகள் அவருடைய டம்ளரையும் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். சரக்கில் ஏதும் கோளாறோ என்று ஒருவர் வாய்விட்டே கேட்டுவிட்டார். காத்தமுத்து கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு கட்டியை உடைத்து அவர் கையில் கொடுத்து, தின்று பார்த்துவிட்டுப் பேசச் சொன்னார். தான் மட்டும் தொடவில்லை.

சாயங்காலமானால் இன்னொரு வேடிக்கை. வெயில் தாழ்ந்ததும் கடையை ஆளிடம் ஒப்படைத்துவிட்டு, மனைவி, அக்காள், மகள் மூவரோடும் மலைக்கோட்டை அடிவாரத்துப் பாதையில் நடக்கப் போய்விடுவார். சொந்த வண்டி வைத்திருப்பவர் குடும்பத்தோடு நடந்து போனால் ஊரார் அதற்கு இரண்டே காரணம்தான் சொல்வார்கள். ஒன்று, நேர்த்திக்கடன், இல்லையென்றால் ஆள் நொடித்துப்போய்விட்டார். காத்தமுத்து நொடித்துப்போகவில்லை. நேர்த்திக்கடன் ஒன்று இருந்தது உண்மைதான். வினையே அதில்தான் ஆரம்பித்தது.

அவருக்கு முதலில் பிறந்தவை இரண்டும் ஆண். இரண்டுமே நடை பழகுவதற்குள் பேதியில் போய்ச் சேர்ந்தன. கடைசி நாட்களில் அந்தப் பிள்ளைகளின் விலா எலும்பு தோலுக்கு மேல் தெரிந்தது அவர் கண்ணைவிட்டு அகலவே இல்லை. சுதந்திரம் வந்த வருடத்தில் ராமுத்தாய் பிறந்தாள். கணவனை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்ட அக்காள் மூக்காயி, வடமதுரைக்கு மேற்கே இருந்த குலசாமி கோயிலில் முந்தானையை ஏந்தி நின்று அம்மனிடம் வேண்டிக்கொண்டாள். இந்தப் பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுத்தால், அவள் வயதுக்கு வருகிறவரை ஒவ்வொரு மாசித் திருவிழாவிலும் எடைக்கு எடை வெல்லம் தருகிறோம் என்பது வேண்டுதல். தம்பி வெல்லக்கடை வைத்திருக்கிற தைரியத்தில் வேண்டியதுதான்.

கடைத் தராசையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். கோயில் புளியமரத்துக் கிளையில் அதைத் தொங்கவிட்டு ஒரு தட்டில் பிள்ளையை உட்காரவைத்து, மறு தட்டில் வெல்லத்தை அடுக்குவார்கள். பங்காளிகள் எல்லாம் சுற்றி நின்று பார்ப்பார்கள். வெல்லம் அன்றைக்கே பொங்கலாகவும் பானகமாகவும் அவர்கள் வயிற்றுக்குத்தான் போகும். பிள்ளை எவ்வளவு கனக்கிறாளோ அவ்வளவு பொங்கல் என்பதால், ராமுத்தாய்மேல் பங்காளிகளுக்கு இருந்த அக்கறையைச் சொல்லி மாளாது.

போன வருடத்தைவிடக் கூடினால் ஆத்தா கண் திறந்திருக்கிறாள் என்று அர்த்தம். ஒரு வருடம் அம்மை போட்டு எழுந்த உடம்போடு தட்டில் ஏறியவள் கொஞ்சம் குறைந்துவிட்டாள். அன்றைக்கு மூக்காயி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. காத்தமுத்துவுக்கு அந்தப் பழைய விலா எலும்புகள் ஞாபகத்துக்கு வந்துவிட்டன. அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு புது வழக்கம் முளைத்தது. தை பிறந்துவிட்டால் மாசிக்காகப் பிள்ளையைத் தேற்ற ஆரம்பித்துவிடுவார்கள். காலையில் நெய் சொட்டும் பணியாரம், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பொரிவிளங்காய் உருண்டை, ராத்திரி நெய்ச்சோறு. தையில் தொடங்கியது மாசியோடு நின்றதா என்றால் அதுவும் இல்லை. வருடம் முழுக்க அந்த வீட்டில் தை மாதம்தான்.

காத்தமுத்துவின் சட்டைப்பையில் எப்போதும் வெல்லக்கட்டி இருக்கும். மகளை அவர் கூப்பிடுவதே "என் சிப்பமே" என்றுதான். சிப்பம் என்றால் பாயில் சுற்றிக் கட்டிய வெல்ல மூட்டை. அவருக்குத் தெரிந்த உலகத்தில் அதைவிட இனிப்பான பொருள் கிடையாது, பாவம். பள்ளிக்கூட வாசலில் நின்றும் அப்படித்தான் கூப்பிட்டார். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடமே அவளை அப்படிக் கூப்பிட்டது. அதை அவள் வீட்டில் வந்து சொல்லவில்லை.

ஐம்பத்தேழாம் வருடத்து மாசியில் ராமுத்தாய்க்குப் பத்து வயது. தட்டில் ஏற மாட்டேன் என்று அழுதவளைச் சமாதானப்படுத்தி ஏற்றினார்கள். எதிர்த்தட்டில் வெல்லம் ஏற ஏறப் பங்காளிகள் ஆர்ப்பரித்தார்கள். இன்னும் வை, இன்னும் வை என்று சத்தம். தட்டு தரையைவிட்டு எழும்பி ஒருபக்கமாகச் சாய, பிள்ளை குப்புற விழுந்தாள். விழுந்தவளைத் தூக்குவதற்கு முன்னால் கூட்டம் சிரித்துவிட்டது. கெட்ட எண்ணத்தில் சிரித்த சிரிப்பில்லை அது. ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

கணுக்கால் வீங்கிவிட்டது. ஊருக்கு வந்ததும் டாக்டர் இருதயநாதனிடம் கூட்டிப்போனார்கள். ரயிலடிப் பக்கம் சின்ன ஆஸ்பத்திரி வைத்திருந்தவர் அவர். அவருடைய தகப்பனாரும் ஏர் பிடித்த சம்சாரிதான் என்பதால் கிராமத்து ஆட்களிடம் பேசத் தெரிந்த டாக்டர். காலுக்குக் கட்டுப் போட்டவர், அந்தக் கட்டைவிட அவளுடைய மூச்சைத்தான் அதிக நேரம் கவனித்தார். நெய்யையும் இனிப்பையும் குறைக்கச் சொன்னார், கால் ஆறியதும் ஓடியாடி விளையாட விடச் சொன்னார்.

கால் ஆறிவிட்டது. ராமுத்தாய் பள்ளிக்கூடம் போகவில்லை. வாசலுக்கே வரவில்லை. ஆள் வந்தால் உள் அறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். டாக்டர் சொன்னதை வீடு வெகு சிரத்தையாகச் செய்தது: பிள்ளைக்கு மட்டும் ஓர் ஓரத்தில் கம்பங்கூழ். மற்ற மூவருக்கும் வழக்கம்போல் நெய்ச்சோறு. அடுப்படியில் பாகு காயும் வாசனையை என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை. காத்தமுத்துவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கடையிலிருந்து வந்ததும் யாருக்கும் தெரியாமல் சட்டைப்பையிலிருந்து ஒரு கட்டியை எடுத்து அவள் கைக்குள் வைத்து மூடிவிடுவார்.

ஒரு நாள் மத்தியானம் அவர் வீட்டுக்குள் நுழையும்போது மனைவி சிவனம்மாள் மகளை வைதுகொண்டிருந்தாள். பாவாடை மடிப்பில் எறும்பு. உதறிப் பார்த்தால் வெல்லத்தூள். அடுப்படிப் பானையில் திருடித் தின்கிறாயா என்று அவள் கேட்க, பிள்ளை வாயே திறக்கவில்லை. அப்பாவைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். காத்தமுத்து மகளுக்கு முன்னால் போய் நின்றார்.

"அவ எடுக்கல. நாந்தான் குடுத்தேன்" என்றார்.

சிவனம்மாள் புருஷனை எதிர்த்துப் பேசி அறியாதவள். அன்றைக்குப் பேசினாள். "நம்ம ஒரு கையால புடுங்குறோம், ஒரு கையால குடுக்குறோம். அவ எந்தக் கைய நம்புவா?"

அடுத்த நாள் நான்கு பேரும் டாக்டர் முன்னால் போய் நின்றார்கள். நடந்ததை எல்லாம் காத்தமுத்து ஒளிக்காமல் சொன்னார். டாக்டர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார். அவரோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, தன் பேரிலும் தப்பு இருப்பதாகச் சொன்னார்.

"அன்னைக்கே வீட்டோட கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும். ஒரே உலையில சோறு வேகுற வீட்டுல ஒருத்தருக்கு மட்டும் பத்தியம் நிக்காதுங்க. அது வைத்தியம் இல்ல, தண்டனை. செய்றதுன்னா நாலு பேரும் செய்யணும்."

அவள் என்ன சாப்பிடுகிறாளோ அதையே எல்லோரும் சாப்பிட வேண்டும், ஒன்றாக உட்கார்ந்து. நடப்பதென்றால் எல்லோரும் நடக்க வேண்டும். அவள் உடம்பைப் பற்றி நல்லதோ கெட்டதோ ஒரு வார்த்தை வீட்டில் பேசக்கூடாது. இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவளைத் தராசில் ஏற்றவே கூடாது என்றும் சொல்லிவிட்டார். தராசை நம்பிப் பிழைக்கிறவனிடம் இப்படிச் சொன்னால் எப்படி ஐயா, குணமாகிறதா இல்லையா என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது என்றார் காத்தமுத்து.

"நல்லாத் தூங்குறாளான்னு பாருங்க. சிரிக்கிறாளான்னு பாருங்க. தெருவுல நாலு பிள்ளைகளோட போய் நிக்கிறாளான்னு பாருங்க. அம்புட்டுத்தான்."

பிறகு ராமுத்தாயைப் பக்கத்தில் கூப்பிட்டு, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அந்த வீட்டில் அதுவரை யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது.

"சிப்பம்னு கூப்புடக் கூடாது" என்றாள்.

காத்தமுத்துவுக்குச் சட்டென்று ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது உட்கார நாற்காலி தேடினார். அன்றிலிருந்து அவர் வாயில் அந்தச் சொல் வந்ததில்லை. கடையில் சரக்கைச் சொல்லும்போதுகூட மூட்டை என்றுதான் சொன்னார். பழனிப் பக்கத்திலிருந்து வெல்லம் கொண்டுவரும் வண்டிக்காரர்கள் "ஏனுங்க, புதுப் பேரா இருக்குதுங்க" என்று சிரித்தார்கள்.

மூக்காயிக்குத்தான் பொறுக்கவில்லை. கம்பும் கேழ்வரகும் சொந்த ஊரான சேவுகம்பட்டியில் அவர்கள் சின்ன வயதில் வேறு வழியில்லாமல் தின்றவை. மூன்று வேளையும் அரிசிச் சோறு என்பதுதான் டவுனுக்கு வந்து அவர்கள் கண்ட முன்னேற்றம். "கம்பங்கூழு குடிக்கவாடா ஊரவிட்டு வந்தோம்" என்று தம்பியிடம் சண்டைக்கு நின்றாள். தம்பியும் ஒன்றும் வீரர் இல்லை. வெல்லம் இல்லாத காப்பி முதல் வாரம் அவருக்குத் தலைவலியைக் கொடுத்தது. கடை ஆட்கள்மேல் எரிந்து விழுந்தார். ஒரு சாயங்காலம் சட்டைப்பைக்குள் பழக்கத்தில் கை போய், வெறும் பையைத் தடவிவிட்டுத் திரும்பி வந்ததைக் கண்டு அவரே சிரித்துக்கொண்டார்.

சிவனம்மாள் அவரைக்காயும் சுரைக்காயும் முருங்கைக்கீரையுமாக வெஞ்சனத்தைக் கூட்டினாள், சோற்றைக் குறைத்தாள். எல்லாத் தட்டிலும் ஒரே அளவு, ஒரே சாப்பாடு. அதுவரை காத்தமுத்து முதலில் தனியாகச் சாப்பிட்டு எழுந்துவிடுவார். பெண்கள் பிறகு எப்போது சாப்பிட்டார்கள் என்பதே அவருக்குத் தெரியாது. இப்போது நான்கு பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். முதல் இரண்டு நாள் யாருக்கும் பேச்சு வரவில்லை. மூன்றாம் நாள் சிவனம்மாள், கோயில் பூசாரி மொக்கைச்சாமி மூக்கால் பேசுவதை அப்படியே பேசிக் காட்டினாள். இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியும் தன் மனைவிக்கு இப்படியொரு வித்தை தெரியும் என்று காத்தமுத்துவுக்குத் தெரியாது. அவர் வாயைப் பிளந்துகொண்டிருக்கும்போதே பக்கத்தில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. மாசிக்குப் பிறகு அந்த வீடு அந்தச் சிரிப்பைக் கேட்கவில்லை. மூக்காயி சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அதற்குப் பிறகு அவள் கம்பைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

நடை முதலில் பொழுது சாய்ந்த பிறகுதான். யார் கண்ணிலும் படாமல் நடக்க ராமுத்தாய் ஆசைப்பட்டாள். அவளுக்காக வேகத்தைக் குறைத்து நடப்பதாகக் காத்தமுத்து நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் பாறை ஓரமாக நின்று நின்று மூச்சு வாங்கியது அவர்தான். மகள் காத்திருந்து கூட்டிப்போவாள். ஒரு நாள் அடுத்த தெருச் சண்முகவள்ளி, ராமுத்தாயின் வகுப்புப் பிள்ளை, நானும் வாரேன் என்று கூட வந்தாள். பெரியவர்களைப் பின்னால் விட்டுவிட்டு இரண்டும் பேசிக்கொண்டே முன்னால் போயின. என்ன பேசின என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஆனி பிறந்ததும் பள்ளிக்கூடம் போகிறேன் என்று ராமுத்தாய் தானாகவே பையை எடுத்துவைத்தாள். சண்முகவள்ளி வாசலில் வந்து நின்று கூப்பிட்டுக்கொண்டு போனாள். இரண்டு பேரும் தெருமுனை திரும்புகிறவரை காத்தமுத்து கடைக்குப் போகாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

எல்லா நாளும் ஒழுங்காகப் போனது என்று சொன்னால் பொய். தீபாவளிக்கு மூக்காயி அதிரசம் சுடாமல் இருக்க முடியவில்லை. சுட்டுவிட்டுத் திருடி போல் முழித்தாள். சிவனம்மாள் எல்லோர் தட்டிலும் ஒவ்வொன்று வைத்தாள்; உட்கார்ந்து ரசித்துச் சாப்பிட்டார்கள்; மிச்சத்தை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு நடக்கப் போனார்கள். ஒளித்துக் கொடுப்பதற்கும் ஒளித்துத் தின்பதற்கும் அந்த வீட்டில் இப்போது ஒன்றும் இருக்கவில்லை. மகள் படுத்ததும் தூங்கினாள். காலையில் முற்றத்தில் கயிறு தாண்டினாள். காத்தமுத்துவின் முழங்கால் வலி எங்கே போனது என்றே தெரியவில்லை, சட்டை தொளதொளவென்று ஆனது.

தை வந்தது. பயமும் வந்தது. கன்னச் சதை குறைந்து மகள் வளர்ந்து நிற்பதைப் பார்க்கப் பார்க்க ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் அந்தப் பழைய விலா எலும்புகள். தட்டில் ஏற்றினால் நிச்சயம் போன வருடத்தைவிடக் குறைவாகத்தான் இருப்பாள். ஏற்றாவிட்டால் வேண்டுதல் தப்பும். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறவன் சாமியோடு விளையாட முடியுமா? ராமுத்தாய் கோயிலுக்கு வருவதாகச் சொன்னாள். தட்டில் மட்டும் ஏற மாட்டேன் என்றாள். காத்தமுத்து அவளைக் கட்டாயப்படுத்தவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை. என்ன செய்யப்போகிறோம் என்று தெரியாமலேயே தராசை வண்டியில் ஏற்றினார்.

கோயிலில் பங்காளிகள் கூடிவிட்டார்கள். தராசு புளியமரத்தில் தொங்கியது. ராமுத்தாயைப் பார்த்ததும் பிள்ளை இளைத்துப்போய்விட்டாளே, கண் பட்டுவிட்டதா, சோறு போடுகிறீர்களா இல்லையா என்று ஆளுக்கொன்று கேட்டார்கள். பொங்கல் குறையப்போகிற கவலை அதில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். தட்டில் ஏறச் சொல்லிப் பூசாரி மொக்கைச்சாமி கூப்பிட்டார். மகளின் முகத்தைக் காத்தமுத்து பார்த்தார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாளே, அந்த முகம் திரும்பி வந்துகொண்டிருந்தது. இவ்வளவு மாதமாக நான்கு பேரும் சேர்ந்து மீட்ட பிள்ளை, ஒரு நிமிடத்தில் மறுபடியும் உள்ளே போகப் பார்த்தாள்.

காத்தமுத்து மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, நேராகப் போய்த் தட்டில் உட்கார்ந்தார்.

கூட்டம் ஒரு நொடி திகைத்தது. அப்புறம் சிரித்தது. மொக்கைச்சாமி மூக்கால் பேசிக்கொண்டே ஓடி வந்தார். வேண்டியது பிள்ளை எடைக்கு, தகப்பன் ஏறினால் எப்படிச் செல்லும் என்றார். அவள் எடையைவிட என் எடை அதிகம்தானே, ஆத்தாளுக்கு இதில் என்ன நட்டம் என்று காத்தமுத்து வியாபாரி நியாயம் பேசினார். பூசாரி ஒத்துக்கொள்ளவில்லை. கோயிலுக்கென்று ஒரு முறை இருக்கிறது என்று பிடிவாதமாக நின்றார்.

மூக்காயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "வேண்டுனவ நானு. புள்ள நல்லா இருக்கணும்னுதான் வேண்டுனேன், கனக்கணும்னு வேண்டல. அது எனக்கே இடையில மறந்து போச்சு. ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ வெல்லத்த வைக்கச் சொல்லு, சாமி."

பூசாரி தட்டுக்கு வழிவிட்டு ஒதுங்கினார். வெல்லத்தை யார் வைப்பது என்று பார்க்கும்போது, ராமுத்தாய் தானே போய் முதல் கட்டியைத் தூக்கி வைத்தாள். ஒவ்வொன்றாக அடுக்கினாள். கட்டிகள் ஏற ஏற அவள் முகம் தெளிந்தது. காத்தமுத்துவின் தட்டு மெதுவாகத் தரையைவிட்டு எழும்பியது.

வாழ்நாளெல்லாம் தராசின் இந்தப் பக்கம் நின்றவருக்கு, அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கால் தரையில் படவில்லை. உட்கார்ந்த தட்டு ஆடியது. சுற்றிலும் அத்தனை கண்களும் தன் வயிற்றையும் எதிரே இருந்த குவியலையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தன. நாற்பது தாண்டிய ஆம்பளைக்கே கூசியது.

தட்டு ஒருபக்கமாகச் சாயப்போன நேரத்தில் சங்கிலியை ஒரு கை வந்து பிடித்தது. வெல்லம் ஒட்டிய சின்னக் கை.

"ஆடாம உக்காருங்கப்பா. நான் புடிச்சிருக்கேன்."

தராசு நேராக நிற்கிறவரை அவள் கையை எடுக்கவில்லை. காத்தமுத்துவுக்குக் கண் மறைத்தது. ஆத்தாளுக்கும், ரயிலடி டாக்டருக்கும், தட்டில் ஒரே அளவாகப் பரிமாறிய சிவனம்மாளுக்கும், வீம்பை விட்ட அக்காளுக்கும் மனதுக்குள் கும்பிடு போட்டார். இறங்கியதும் கூட்டத்திலிருந்து தள்ளிக் கூட்டிப்போய், போன வருடம் உனக்கும் இப்படித்தான் இருந்ததா தாயி என்று கேட்டார். ராமுத்தாய் தலையை ஆட்டினாள். யாராவது சங்கிலியைப் பிடித்திருந்தால் விழுந்திருக்க மாட்டேன் என்றாள். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள்.

அந்த வருடம் ஆத்தாளுக்கு எப்போதும் இல்லாத அளவு வெல்லம் கிடைத்தது. பங்காளிகள் திருப்தியாகச் சாப்பிட்டார்கள். ராமுத்தாய் வயதுக்கு வருகிறவரை ஒவ்வொரு மாசியிலும் தட்டில் ஏறியது காத்தமுத்துதான். அவருடைய எடை இறங்க இறங்கப் பொங்கலும் குறைந்துகொண்டே வந்தது. பங்காளிகள் முணுமுணுத்தார்கள். அவர் பாட்டுக்கு மகளின் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு தட்டில் ஏறுவார். அவள் சங்கிலியைப் பிடித்துக்கொள்வாள்.